போன வேலையும் போகாத பெயரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காணாமல் போன வேலைகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், ஏன் நடிகர்கள் தங்கள் பெயருக்காகப் போடுகிற வழக்குகளில் போய் நிற்கிறீர்கள்?

நான் கம்போசிட்டராக இருந்தவன். அச்சகத்தில் ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்குகிற வேலை. பெரிய பத்திரிகை ஆபீஸ் எல்லாம் இல்லை. கல்யாணப் பத்திரிகை, கருமாதிக் கடிதம், பில் புக், அப்புறம் ரசிகர் மன்ற நோட்டீஸ் அடிக்கிற தெருமுனை அச்சகம். நடிகர்களின் பெயர்களைத் தலைகீழாக அடுக்கிப் பழகிய கை இது. இன்று இந்தக் கைக்கு வேலை இல்லை. அந்தப் பெயர்களுக்கோ உயர் நீதிமன்றத்தின் காவல் இருக்கிறது. பெயர்களை ஊரெல்லாம் கொண்டுபோய்ச் சேர்த்த தொழில்கள் ஒவ்வொன்றாகப் போனபோது யாரும் தடை உத்தரவு வாங்கவில்லை. கோபத்தில் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். சிரிப்பு வருகிறது, அவ்வளவுதான்.

கம்போசிட்டர் வேலை அப்படி என்ன பெரிய வேலை?

பெரிய வேலை என்று யார் சொன்னது? நாள் முழுக்க நின்றுகொண்டே செய்கிற வேலை. சாய்வாக வைத்த மரக் கேஸில் சின்னச் சின்ன அறைகள், அறைக்கு ஓர் எழுத்து. இடது கையில் எழுத்தைக் கோக்கிற தட்டு, அதாவது ஸ்டிக், வலது கையில் எழுத்து. அடித்து முடித்தபிறகு எல்லாவற்றையும் பிரித்து, அந்தந்த அறையில் திரும்பப் போட வேண்டும். புதிதாக வந்த பையனுக்கு முதலில் கிடைப்பது இந்தப் பிரித்துப் போடும் வேலைதான். அறை மாற்றிப் போட்டால் மறுநாள் மணமகன் பெயரில் தப்பு வரும், திட்டு எனக்கு விழும்.

நான் சேர்ந்த சமயத்தில்தான், 1978 அக்டோபரில், எம்.ஜி.ஆர். அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று ஆணை போட்டது. ணை, லை, ளை, னை, ணா, றா, னா என்று சில எழுத்துகளின் உருவம் மாறியது. அரசாணைக்கு ஒரு கையெழுத்து போதும். அச்சகத்துக்குப் புது எழுத்து வாங்கக் காசு வேண்டும். தும்பிக்கை வைத்த பழைய 'லை' தேய்ந்து தீரும்வரை ஓட்டிக்கொண்டே இருந்தோம்.

எங்கள் நிரந்தரத் தலைவலி 'ஜி'. சாதாரண நோட்டீஸுக்கு அது அவ்வளவாகத் தேவைப்படாது, அதனால் முதலாளி குறைவாகத்தான் வாங்கி வைத்திருப்பார். ரஜினி பட ரிலீஸுக்கு முந்தைய வாரம் ரெண்டு மூன்று மன்றங்கள் சேர்ந்து வந்து நின்றால் 'ஜி' தீர்ந்துவிடும். பக்கத்து அச்சகத்துக்குக் கடன் கேட்க ஆள் ஓடும். அங்கே எம்.ஜி.ஆர். மன்ற வேலை நடந்துகொண்டிருக்கும், அதற்கும் 'ஜி' வேண்டும் என்பதால் எண்ணி எண்ணித்தான் கொடுப்பார்கள்.

உங்கள் பெயர் எதிலாவது அச்சாகி இருக்கிறதா?

இல்லை. முதலாளி பெயர் எல்லாவற்றிலும் இருக்கும். 1867-ஆம் ஆண்டின் அச்சகச் சட்டப்படி, அச்சடித்தவர் பெயரும் ஊரும் தாளில் இருந்தாக வேண்டியிருந்தது. மரியாதைக்காகப் போட்ட சட்டம் இல்லை. யாராவது ராஜத்துரோகமாக எழுதினால் பிடித்து உள்ளே போட வெள்ளைக்காரன் செய்த ஏற்பாடு. தேர்தல் நோட்டீஸுக்கு இன்றைக்கும் அந்த விதி இருக்கிறது. எழுத்து கோத்தவனைச் சட்டம் தேடவே இல்லை. அதை நான் ஒரு சலுகையாகவே எடுத்துக்கொண்டேன்.

1990-களில் கம்ப்யூட்டரும் ஆஃப்செட்டும் வந்தன. கம்ப்யூட்டரில் பக்கம் அமைக்கிற டி.டி.பி. வேலையை நான் கற்றுக்கொண்டேன். இப்போது கல்யாணப் பத்திரிகையை மாப்பிள்ளையே போனில் செய்து வாட்ஸாப்பில் அனுப்பிவிடுகிறார். ஆக, ஒரே ஆளுக்கு ரெண்டு வேலை காலி.

ரஜினிகாந்த் என்ற பெயருக்காக உண்மையிலேயே வழக்கு நடந்ததா?

நடந்தது. 2014-இல் மும்பையிலிருந்து 'மைன் ஹூன் ரஜினிகாந்த்' என்று ஓர் இந்திப் படம் தயாரானது. தன் பெயரையும் உருவத்தையும் ஸ்டைலையும் அனுமதியில்லாமல் பயன்படுத்துகிறார்கள் என்று ரஜினி சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 2015 பிப்ரவரியில் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. பிரபலமான ஒருவரை மக்கள் அடையாளம் கண்டுகொள்ள முடிந்தால் போதும், அவரே நடித்தார் என்று யாராவது ஏமாந்ததாக நிரூபிக்க வேண்டியதில்லை என்றது நீதிமன்றம். படம் பெயரை மாற்றிக்கொண்டது.

எனக்குப் பிடித்தது வழக்கின் தலைப்பு. 'சிவாஜி ராவ் கெய்க்வாட் எதிர் வர்ஷா புரொடக்‌ஷன்ஸ்'. ரஜினிகாந்த் என்ற பெயர் எனக்கே உரியது என்று சொல்ல, அவர் சிவாஜி ராவாக வந்து நிற்க வேண்டியிருந்தது.

கதை அதோடு முடியவில்லை. சிவாஜி ராவ் என்ற பெயரோடு சினிமாவுக்கு வந்தபோது, இங்கே ஏற்கெனவே ஒரு சிவாஜி உட்கார்ந்திருந்தார். அதனால்தான் கே. பாலசந்தர் பெயரை மாற்றினார். புதுப் பெயரும் புதிதல்ல. அவருடைய 'மேஜர் சந்திரகாந்த்' கதையில் வருகிற ஒரு பாத்திரத்தின் பெயர். முன்னே உட்கார்ந்திருந்த அந்தச் சிவாஜிக்கும் அது பிறந்தபோது வைத்த பெயரா என்றால், இல்லை. வி.சி. கணேசன், அண்ணாவின் நாடகத்தில் மராட்டிய மன்னர் சிவாஜியாக நடித்ததைப் பார்த்துப் பெரியார் சூட்டிய பெயர் அது. மன்னரிடம் இருந்து கணேசனுக்கு, கணேசன் இருந்ததால் சிவாஜி ராவுக்கு வேறு பெயர், அந்த வேறு பெயரும் ஒரு நாடகப் பாத்திரத்திடம் இருந்து. இத்தனை கை மாறிய ஒன்றுக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

2023 ஜனவரியில் அவர் தரப்பு வழக்கறிஞர் ஒரு பொது அறிவிப்பும் கொடுத்தார். பெயர், படம், குரல் எதையும் அனுமதியில்லாமல் வியாபாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று. அதைப் படித்தபோது, நாங்கள் அடித்த ஆயிரக்கணக்கான நோட்டீஸ்களில் ஒன்றுக்காவது யாரிடமாவது அனுமதி கேட்டோமா என்று யோசித்தேன். கேட்டிருந்தால் அச்சகத்தின் கதவைத் திறந்திருக்கவே முடியாது.

அவரே காணாமல் போய்க்கொண்டிருக்கிற வேலையில் இருந்தவர்தானே?

ஆமாம், பெங்களூரில் பஸ் கண்டக்டர். லண்டனில் பின்பக்கம் திறந்த பழைய ரூட்மாஸ்டர் பஸ்கள் 2005 டிசம்பரில் வழக்கமான தடங்களில் இருந்து விலக்கப்பட்டபோது கண்டக்டர்களும் அவற்றோடு போனார்கள். நம் ஊரில் கண்டக்டர் இன்னும் இருக்கிறார். ஆனால் டிக்கெட் கட்டைப் பிரித்துக் கிழிக்கிற வித்தையும், எச்சில் தொட்டு எண்ணுகிற வேகமும் மெஷினுக்குப் போய்விட்டன. அந்த மெஷினைத் தட்டி ஸ்டைல் காட்ட முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

என் சொந்தப் பெயரே ரஜினிகாந்த். மெஸ் வைக்கலாமா?

உங்கள் பெயர் அதுதான் என்றால், நல்லெண்ணத்தோடு சொந்தப் பெயரைத் தொழிலுக்குப் பயன்படுத்துவதை 1999-ஆம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டத்தின் 35-ஆவது பிரிவு தடுப்பதில்லை. போர்டில் பெயர் மட்டும் இருக்கட்டும். கூலிங் கிளாஸும் தலைகோதலும் சேர்ந்தால், நல்லெண்ணம் என்று நீதிபதியிடம் சொல்வது கஷ்டம். நான் வக்கீல் இல்லை, போர்டு எழுதுவதற்கு முன் ஒருவரைப் பார்த்துவிடுங்கள். போர்டு எழுத ஆள் கிடைப்பதும் இப்போது கஷ்டம்தான்.

தன் பெயரும் முகமும் குரலும் தனக்கே என்கிற இந்த உரிமைக்கு இந்தியாவில் ஆரம்பம் எது? அமிதாப் பச்சனா?

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். 2022 நவம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் பச்சனுக்கும், 2023 செப்டம்பரில் அனில் கபூருக்கும் உத்தரவு கொடுத்தது. அனில் கபூருக்கு 'ஜக்காஸ்' என்ற சொல் வரைக்கும் பாதுகாப்பு. ஆனால் இவர்களுக்கெல்லாம் முன்னோடி சென்னைக்காரர் ஒருவர். நடிகர் இல்லை, தூக்குத் தண்டனைக் கைதி. ஆட்டோ சங்கர்.

சிறையில் இருந்தபடி அவர் எழுதிய தன்வரலாற்றை நக்கீரன் பத்திரிகை வெளியிட முனைந்தது. அதிகாரிகளின் பெயர்கள் அதில் வரும் என்பதால் சிறைத்துறை முட்டுக்கட்டை போட்டது. நக்கீரன் ஆசிரியர் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 1994 அக்டோபரில் வந்த தீர்ப்பு, பொது ஆவணங்களில் உள்ளதை வெளியிட யாருடைய அனுமதியும் தேவையில்லை, வெளியாவதற்கு முன்பே அதிகாரிகள் தடுக்க முடியாது என்றது. அதே தீர்ப்பில்தான், ஒருவருடைய பெயரையோ உருவத்தையோ அவர் சம்மதமில்லாமல் விளம்பரத்துக்கோ வேறு காரியத்துக்கோ பயன்படுத்துவது அவருடைய தனியுரிமையை மீறுவதாகும் என்ற கருத்தும் இருக்கிறது. பின்னால் வந்த நட்சத்திர வழக்குகள் பலவற்றில் இந்தத் தீர்ப்பை எடுத்துக் காட்டினார்கள். சங்கரை 1995-இல் சேலம் சிறையில் தூக்கிலிட்டார்கள். இன்றைக்கு ஒரு சூப்பர் ஸ்டாரின் பெயரைக் காக்கிற வக்கீல், வாதத்தில் எங்கேயாவது அவர் வழக்கைச் சொல்லாமல் போக முடியாது.

கட்டவுட் வரைந்தவர்கள் என்ன ஆனார்கள்?

படத்தின் ஸ்டில்லில் கட்டம் போட்டு, அதே கட்டங்களைத் துணியில் பெரிதாகப் போட்டு, முகத்தை மாஸ்டர் வரைவார். சட்டைக்கு வண்ணம் நிரப்புவது உதவியாளர்கள். முகத்தில் ரோஸும் நீலமும் அடித்திருப்பார்கள். பக்கத்தில் நின்றால் பயமாக இருக்கும், ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் போய் நின்றால் சிவாஜி அழுவது தெரியும். மூலையில் இன்னார் ஆர்ட்ஸ் என்று கையெழுத்து இருக்கும். கம்போசிட்டருக்குக் கிடைக்காத மரியாதை அது. தியேட்டரில் இருந்து படத்தை எடுத்தபின் அந்தத் துணி மேலேயே வெள்ளை அடித்து அடுத்த படத்தின் நாயகனை வரைவார்கள். எத்தனையோ நட்சத்திரங்கள் ஒருவர் மேல் ஒருவராக ஒரே துணியில் தேங்கிக் கிடந்தார்கள், எந்த மன்றமும் சண்டைக்குப் போகவில்லை.

2000-க்குப் பிறகு ஃப்ளெக்ஸ் வந்தது. ஓவியருக்குச் சில நாள் எடுத்த வேலையை மெஷின் டீ குடிக்கிற நேரத்தில் செய்தது. ஃப்ளெக்ஸ் கொண்டுவந்த உண்மையான மாற்றம் இன்னொன்று. முகம் போட ஓவியருக்குக் கூலி கொடுக்க வேண்டிய காலத்தில் நடிகர் முகம் மட்டும்தான் மேலே ஏறியது. முகத்துக்குத் தனிச் செலவில்லை என்றானதும், வட்டச் செயலாளர் முதல் அவர் மச்சான் வரை எல்லோரும் ஏறிக்கொண்டார்கள். இப்போதைய பேனர்களில் நடிகரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. அவர் முகத்துக்குச் சட்டப் பாதுகாப்பு கிடைத்த காலமும், பேனரில் அவர் முகம் சுருங்கிய காலமும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

தியேட்டர் ஆபரேட்டர்?

புரொஜெக்டரின் வெளிச்சத்துக்குக் கார்பன் குச்சி எரிந்த காலத்து மனிதர். ரீல் மாற்றும்போது ஒரு நொடி தவறினாலும் விசில் பறக்கும். டிஜிட்டல் வந்ததும் ஃபிலிம் பெட்டி போய் பாஸ்வேர்டு வந்தது. ஊரில் எல்லோரும் அவரைத் திட்டுவதற்காக மட்டுமே நினைத்தார்கள் என்பதால், போனதும் தெரியவில்லை.

பட்டப் பெயர் யாருக்குச் சொந்தம்? தல, உலகநாயகன், சூப்பர் ஸ்டார்?

வேடிக்கை என்னவென்றால், வேண்டாம் என்று சொன்னவர்களிடம்தான் பட்டம் ஒட்டிக்கொள்கிறது. 2021 டிசம்பரில் அஜித், தன்னைத் 'தல' என்று அழைக்க வேண்டாம், அஜித், அஜித்குமார் அல்லது ஏ.கே. என்றால் போதும் என்று அறிக்கை விட்டார். 2024 நவம்பரில் கமல் 'உலகநாயகன்' உள்ளிட்ட எல்லா அடைமொழிகளையும் துறந்தார். 2025 மார்ச்சில் நயன்தாரா 'லேடி சூப்பர் ஸ்டார்' வேண்டாம் என்றார். ரசிகர்கள் மூன்று அறிக்கைகளையும் படித்துவிட்டு, 'தல சொன்னா கேட்கணும்' என்று பதிவு போட்டார்கள்.

'தல'யில் இன்னொரு சிக்கல். 'தீனா'வில் 2001-இல் வந்த பெயர், பிறகு சேப்பாக்கம் மைதானம் அதைத் தோனிக்கும் கொடுத்தது. ரெண்டு தல, ஒரு வழக்கும் இல்லை. ஆனால் 'சூப்பர் ஸ்டார்' என்றால் 2023-இல் ஊரே ரெண்டுபட்டது. அடுத்த சூப்பர் ஸ்டார் விஜய் என்று ஒரு மேடையில் சரத்குமார் சொன்னதும், ரஜினி இன்னொரு மேடையில் காக்கா கழுகு கதை சொன்னதும், யார் காக்கா என்று மாதக்கணக்கில் ஆராய்ச்சி நடந்ததும் நினைவிருக்கும். இந்தச் சண்டையை நோட்டீஸ் அடித்துத்தான் போட வேண்டும் என்றிருந்தால் எங்கள் அச்சகம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்.

பெயர் வைத்த பெற்றோருக்காவது உரிமை இல்லையா?

2021-இல் விஜய் சென்னையில் ஒரு வழக்குத் தொடர்ந்தார். தன் பெயரில் கட்சி, கூட்டம் என்று எதுவும் நடத்தக் கூடாது என்று. எதிர்மனுதாரர்களில் அவருடைய அப்பா எஸ்.ஏ. சந்திரசேகரும் அம்மா ஷோபாவும் உண்டு. 'அகில இந்திய தளபதி விஜய் மக்கள் இயக்கம்' என்ற பெயரில் அப்பா கட்சி பதிவு செய்யப் போனதில் வந்த வினை. பெயர் வைத்தவருக்கே அதைப் பயன்படுத்தத் தடை கேட்ட வழக்கு. பேரன் பேத்திக்குப் பெயர் தேடுகிறவர்கள் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இறந்தபின் பெயர் யாருக்குப் போகும்?

ஜெயலலிதாவின் வாழ்க்கையைப் படமாகவும் தொடராகவும் எடுத்தபோது, அண்ணன் மகள் தீபா தடை கேட்டு வழக்குப் போட்டார். தனியுரிமை, நற்பெயர் போன்றவை ஒருவருடைய உயிரோடு முடிந்துவிடும், வாரிசுக்கு இறங்காது என்று 2021-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதே ஆண்டில் போயஸ் கார்டன் வேதா நிலையம் வாரிசுகளான தீபாவுக்கும் தீபக்குக்கும் திரும்பக் கிடைத்தது. வீடு வந்தது, பெயர் வரவில்லை. சென்னை ரியல் எஸ்டேட் நிலவரத்தில் இது மோசமான பங்கீடு இல்லை.

குரல் விஷயம் வேறு மாதிரி. 2024-இல் 'லால் சலாம்' படத்தில் ஏ.ஆர். ரஹ்மான், மறைந்த பாடகர்கள் சாகுல் ஹமீது, பம்பா பாக்யா குரல்களைச் செயற்கை நுண்ணறிவால் திரும்ப ஒலிக்கச் செய்தார். குடும்பங்களிடம் அனுமதி வாங்கி, சன்மானமும் கொடுத்ததாக அவரே சொன்னார். முறையான காரியம்தான். ஆனால் ஸ்டூடியோ வாசலில் ட்ராக் பாட வாய்ப்புக்காகக் காத்திருக்கிற பையனுக்கு, போட்டி இப்போது உயிரோடு இருப்பவர்களிடம் இருந்து மட்டும் வரவில்லை.

வெளிநாட்டில் வேலை போவதும் பெயர்ச் சண்டையும் ஒரே வழக்கில் வந்ததுண்டா?

உண்டு, எனக்கு மிகவும் பிடித்த வழக்கு. அமெரிக்காவில் 'வீல் ஆஃப் ஃபார்ச்சூன்' என்ற டி.வி. போட்டியில் வான்னா வைட் என்பவருக்கு எழுத்துப் பலகைகளைத் திருப்புகிற வேலை. சாம்சங், வீடியோ கேசட் போட்டுப் பார்க்கிற வி.சி.ஆர். கருவிக்கு ஒரு விளம்பரம் செய்தது. கி.பி. 2012-இல் நடப்பதாகக் கற்பனை: பொன்னிற விக்கும் கவுனும் போட்ட ஒரு ரோபோ அவர் இடத்தில் நின்று எழுத்தைத் திருப்புகிறது. அவர் பெயர் இல்லை, முகம் இல்லை. ஆனாலும் அது என்னைத்தான் குறிக்கிறது என்று வழக்குப் போட்டார். 1992-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதற்கு இடம் கொடுத்தது, பின்னர் ஜூரி 4,03,000 டாலர் வழங்கியது.

நடந்தது என்ன? 1997-இல் அந்த நிகழ்ச்சியில் பலகைகளை எடுத்துவிட்டு மின்திரைகள் வைத்தார்கள். திருப்ப ஒன்றுமே இல்லை, தொட்டால் போதும். வேலை போய்விட்டது, அவர் போகவில்லை. 2012 வந்தபோதும் அவர்தான் அங்கே நின்றார், ரோபோ வரவில்லை. அந்த விளம்பரம் விற்க முயன்ற வி.சி.ஆர்.தான் அதற்குள் கடையைக் காலி செய்திருந்தது.

எல்லா வேலையும் போனது துக்கம்தான் என்கிறீர்களா?

இல்லை. 1973-இல் தமிழ்நாட்டில் கலைஞர் அரசு கை ரிக்‌ஷாவை ஒழித்தது. மனிதனை மனிதன் இழுத்த வேலை அது, போனதே நல்லது. மனிதக் கழிவை மனிதன் அள்ளுவதை 1993-இலும் 2013-இலும் சட்டம் போட்டுத் தடுத்தார்கள், இன்னும் சாக்கடைக் குழியில் ஆள் இறங்கிச் சாகிறான். போக வேண்டியது போகவில்லை, அம்மி கொத்துகிறவரும் ஈயம் பூசுகிறவரும் போய்விட்டார்கள்.

தட்டச்சர் கதை தனி. மெஷின் போய்விட்டது, பதவி இருக்கிறது. குரூப் 4 அறிவிப்பில் இன்றும் தட்டச்சர் என்றே ஆள் எடுக்கிறார்கள்.

பெயருக்குச் சண்டை வராமல் பார்த்துக்கொண்ட துறை எதுவும் உண்டா?

தந்தி ஆபீஸ். தந்தியில் ஒவ்வொரு சொல்லுக்கும் காசு என்பதால், கடைக்காரர்கள் நீண்ட முகவரிக்குப் பதில் ஒரே ஒரு சொல்லைத் தந்தி விலாசமாகப் பதிவு செய்துகொள்வார்கள். லெட்டர்ஹெட்டில் போன் நம்பருக்கு மேலே அது இருக்கும். எத்தனையோ நான் கோத்திருக்கிறேன். ஒரே ஊரில் ஒரு சொல்லை இரண்டு பேருக்குத் தர மாட்டார்கள். கட்டணத்தைக் கட்டாமல் விட்டால் பெயர் உங்களுடையது இல்லை. வக்கீல் இல்லை, வாய்தா இல்லை, கவுண்டரில் இருந்த கிளார்க்கே உச்ச நீதிமன்றம். 2013 ஜூலையில் தந்திச் சேவையை மூடியபோது அந்தக் கிளார்க்கும் போய்விட்டார்.

எங்கள் ஊர்த் திருவிழாவில் நகல் ரஜினி, நகல் எம்.ஜி.ஆர். ஆடுகிறார்கள். அவர்கள் மேல் வழக்கு வருமா?

2010-இல் பாடகர் தலேர் மெஹந்தி, தன்னைப் போலவே இருந்து தன் பாட்டையே பாடிய பொம்மைகளை விற்ற கடைக்காரர்கள் மேல் டெல்லியில் வழக்குப் போட்டு ஜெயித்தார். ஆனால் அதே தீர்ப்பில், கேலிச்சித்திரம், நையாண்டி போன்றவற்றை எல்லாம் இந்த உரிமையைக் காட்டி நசுக்கக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறார்கள். மேடையில் ஒருவர் வேர்த்து ஆடுவது பொம்மை வியாபாரம் இல்லை. அதனால் எனக்குத் தெரிந்தவரை அவர்களுக்கு இப்போதைக்குப் பயமில்லை. அவர்களுடைய பயம் வேறு: விழாக் கமிட்டி போனில் வீடியோ செய்து எல்.இ.டி. திரையில் ஓட்டிவிட்டால் ஆடுகிறவருக்கு வேலை இருக்காது. இந்த வருஷம் புக் பண்ணுகிறவர்கள் பேசிய தொகையில் பாதியையாவது முன்பணமாகக் கொடுத்துவிடுங்கள். கூலிங் கிளாஸ் அவர்களே கொண்டுவருவார்கள்.